யந்திரக் கணக்குப்பிள்ளையும் முதலாளியின் பொறுப்பும்



செயற்கை நுண்ணறிவு என்னும் ஏ.ஐ.யைப் பற்றி இன்று எங்கு பார்த்தாலும் பேச்சாயிருக்கிறது. பத்திரிகையைத் திறந்தால் அது. மஸ்ஜித் இந்தியா சாலையில் தே தாரேக் அருந்த உட்கார்ந்தாலும் அடுத்த மேஜையில் அதே பிரஸ்தாபம். அதற்குச் சட்டம் வருகிறதாம், ஐரோப்பாவில் கோடிக்கணக்கில் அபராதமாம் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். ‘அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு, நமக்கென்ன?’ என்று வேறு சிலர் கையை உதறி விடுகிறார்கள். இவ்விரண்டு அபிப்பிராயங்களும் சரியல்ல. ஒரு மளிகைக் கடைக்காரரோ, உணவுக் கடைக்காரரோ, நாணய மாற்று வியாபாரியோ இவ்விஷயத்தில் உண்மையாகத் தெரிந்துகொள்ள வேண்டியது எவ்வளவு என்பதை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். ஏ.ஐ. என்றதும் பெரிய இரும்பு யந்திரமொன்றை மனத்தில் எண்ணிக்கொள்ள வேண்டாம். உங்கள் கடைக்குள் அது முன்பே வந்துவிட்டிருக்கலாம். நடுநிசியில் வாட்ஸ்அப்பில் வரும் விசாரணைகளுக்குத் தானாகப் பதில் எழுதுகிறதே, அது ஏ.ஐ.யாக இருக்கலாம். காலையில் சிப்பந்திகள் முகத்தைக் காட்டியதும் ‘வந்தார்’ என்று பதிந்துகொள்ளும் பெட்டி ஏ.ஐ.தான். கல்லாவுக்கு மேலே மாட்டிய கேமராக்களில் சில, இன்னார் இவர் என்று ஆளை அடையாளம் காணும் சக்தி படைத்தவை. பெருநாள் விற்பனைக்கு மலாயில் விளம்பரம் எழுதித் தரும்படி சாட்ஜிபிடியைக் கேட்கும் பிள்ளைகள் நம் கடைகளிலேயே இருக்கிறார்கள், அதிலே தவறொன்றுமில்லை.

இவற்றில் எழுதும் யந்திரத்தின் சுபாவம் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். அது எதையும் அறிந்து பேசுவதில்லை. கோடானுகோடி பக்கங்களைப் பார்த்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வருவது வழக்கம் என்று கற்று, அந்த வழக்கப்படி சொற்களைக் கோத்துக் கொடுக்கிறது. பெரும்பாலும் சரியாயிருக்கும். பிசகும்போதும் அதே தெளிவோடு, அதே மரியாதையோடு பிசகும். ‘தெரியாது, முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லும் வழக்கமே இல்லாத ஒரு கணக்குப்பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைத்தால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான்.

தனிச் சட்டம் உண்டா?

இந்நாட்டுச் சர்க்கார் ஏ.ஐ.க்கென்று தனியாகச் செய்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2024 செப்டம்பரில் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு ஏ.ஐ. நிர்வாகத்துக்கும் நெறிமுறைக்கும் தேசிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நியாயம், நம்பகமும் கட்டுப்பாடும், அந்தரங்கப் பாதுகாப்பு, எவரையும் ஒதுக்காமை, ஒளிவுமறைவின்மை, பொறுப்பேற்றல், மனித நன்மை என்று ஏழு கோட்பாடுகள் அதில் இருக்கின்றன. யந்திரத்தைச் செய்பவர், கொள்கை வகுப்பவர், பயன்படுத்துபவர் ஆகிய மூவகையாருக்கும் அது எழுதப்பட்டது. ஆனால் அது விரும்பி ஏற்க வேண்டிய வழிகாட்டியே தவிர, மீறினால் அபராதம் விதிக்கும் சட்டமல்ல. அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி டிஜிட்டல் அமைச்சின் கீழ் தேசிய ஏ.ஐ. அலுவலகம் தொடங்கப்பட்டது. தனிச் சட்டத்துக்கான மசோதா தயாராகி வருவதாக 2025-இல் டிஜிட்டல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ தெரிவித்தார்.

தனிச் சட்டத்தின் கதை எப்படியிருந்தாலும், அதை எதிர்பார்த்தோ அல்லது அதற்குப் பயந்தோ உட்கார்ந்திருப்பது வியாபாரிக்குப் பிரயோஜனமில்லை. ஏனெனில் நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் ஏற்கெனவே பேரேட்டில் ஏறியிருக்கின்றன.

உங்கள் கடைத் தராசை நினைத்துப் பாருங்கள். தட்டுத் தராசு போய் மின்சாரத் தராசு வந்தபோது, அதற்கென்று புதிய வியாபார தர்மம் எதுவும் எழுதப்படவில்லை. 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் இரண்டுக்கும் பொதுவாயிருக்கிறது. ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும். எடை குறைந்தால் வரும் உத்தியோகஸ்தர், தராசைச் செய்த கம்பெனியைத் தேடிக்கொண்டு கப்பலேறுவதில்லை, கடைக்காரரைத்தான் கேட்கிறார். ஏ.ஐ.யும் அவ்வாறே. விற்பனை, விளம்பரம், ஹலால், மருந்து, வாடிக்கையாளர் விவரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் சட்டம் உண்டு. அந்தச் சட்டங்கள் ‘கையால் செய்தாயா, யந்திரத்தால் செய்தாயா?’ என்று கேட்பதில்லை. வித்தியாசம் ஒன்றுண்டு. தராசுக்கு முத்திரை வைக்க ஓர் இலாகா இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பதில் எழுதும் யந்திரத்துக்கு முத்திரை வைக்க எவரும் கடைப்படி ஏறி வருவதில்லை. அந்தச் சரிபார்ப்பு முழுவதும் முதலாளியின் தலையில் விழுகிறது.

யந்திரத்தின் வாக்கு யாருடைய வாக்கு?

கனடா நாட்டில் நடந்த ஒரு வழக்கை நம் வியாபாரிகள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 நவம்பரில் ஒருவருடைய பாட்டியார் காலமானார். மையத்துக்குப் போவதற்காக அவர் ஏர் கனடா விமானக் கம்பெனியின் வலைத்தளத்தில் பேசும் யந்திரத்திடம் விசாரித்தார். துக்கத்துக்குப் போகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, டிக்கெட் வாங்கி 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் போதும் என்று யந்திரம் சொல்லிற்று. அவர் முழுக்கட்டணம் கொடுத்துப் பயணம் செய்து, பிறகு சலுகையைக் கேட்டார். கம்பெனியின் உண்மையான விதியோ, பயணம் முடிந்தபின் சலுகை கிடையாது என்பது. பணம் தர முடியாதென்று மறுத்தார்கள்.

வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் சிறு வழக்குகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்துக்குப் போயிற்று. அங்கே கம்பெனி எடுத்துவைத்த வாதத்தைக் கேட்டால் வியப்பாயிருக்கும். யந்திரம் சொன்னதற்குத் தாங்கள் ஜவாப்தாரி அல்ல என்றார்கள். அந்த யந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பாகும் தனிப்பட்ட ஒன்று என்று சொல்வதற்கு ஒப்பான வாதம் இது என்று மன்றம் குறிப்பிட்டது. வலைத்தளம் உன்னுடையது, அதில் உள்ளது ஒரு பக்கமாயிருந்தாலும் பேசும் யந்திரமாயிருந்தாலும் நீயே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. தொகை சுமார் 812 கனடா டாலர்தான். பெரிய கம்பெனிக்கு அது பொட்டுக்கடலை விலை. ஆனால் கொள்கை பெரிது.

கனடாவின் தீர்ப்பு கோலாலம்பூரைக் கட்டுப்படுத்தாது; உண்மைதான். அப்படியிருக்க அதை ஏன் இங்கே எடுத்துரைக்க வேண்டும் என்றால், அதைப்போன்ற மன்றம் நம்மிடத்திலும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப்பற்றியோ சேவையைப்பற்றியோ பொய்யாகவும் மயக்கும் விதமாகவும் சொல்வதைத் தடை செய்கிறது. அச்சட்டத்தின் கீழுள்ள பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி எந்த வாடிக்கையாளரும் மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை அது விசாரிக்கும். வக்கீல் வைத்துக்கொள்ள வழக்கமாக அங்கே இடமில்லை. முதலாளியோ அவருடைய ஆளோதான் போய் நிற்க வேண்டும். அவ்விடத்தில் நின்று, ‘நான் சொல்லவில்லை, யந்திரம் சொல்லிற்று’ என்று கூறினால் எவ்வளவு செல்லும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். கடைப் பையன் ஒரு விலை சொல்லிவிட்டால் அந்த விலைக்கே கொடுத்தனுப்பிய பெரியவர்கள் நம் வியாபாரத்தில் உண்டு. நஷ்டத்தை ஏற்றாலும் வாக்கை விடமாட்டார்கள். சட்டம் இப்போது கேட்பதும் ஏறக்குறைய அதுவே.

இதிலே நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஹலால் விஷயம். வாடிக்கையாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில், ‘உங்கள் கடைக்கு ஜாக்கிம் சான்றிதழ் உண்டா?’ என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை முஸ்லிமுடையது, சமையல் முஸ்லிமுடையது, ஆனால் சான்றிதழ் எடுக்கவில்லை, அல்லது எடுத்தது காலாவதியாகிவிட்டது. இந்த நிலையில் கணக்குப்பிள்ளை விஷயத்தை விளக்கிச் சொல்வார். யந்திரமோ, உணவுக் கடைகள் வழக்கமாகச் சொல்லும் பதிலையே கோத்து, ‘ஆம், எங்கள் உணவு அனைத்தும் ஜாக்கிம் சான்றிதழ் பெற்றது’ என்று எழுதிவிடக்கூடும். 2011-ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டத்தின் கீழ் ஹலாலுக்கென்று தனி உத்தரவுகள் உண்டு. ஜாக்கிமோ, மாநில இஸ்லாமிய மன்றங்களோ சான்றளிக்காத பொருளை ஹலால் சான்று பெற்றதாகக் காட்டுவது குற்றமாகும். அப்படி எழுதும் எண்ணம் நம் மனத்தில் இல்லாமலிருக்கலாம். எழுத்து நம் கடையின் பெயரில் போய்விட்டது. ஆதலால் ஹலால், சான்றிதழ், ஒவ்வாமைப் பொருள், விலை, பணம் திருப்பித் தருவது ஆகிய கேள்விகளுக்கு யந்திரம் பதில் சொல்லாமல் மனிதரிடம் தள்ளிவிடும்படி அமைக்கச் சொல்லுங்கள். அமைத்துக் கொடுப்பவருக்கு இது பெரிய வேலையல்ல.

நாட்டு மருந்து, கருஞ்சீரக எண்ணெய், தேன் முதலியவற்றை விற்பவர்களுக்கு வேறோர் அபாயம். விளம்பரம் எழுதித் தா என்றால் யந்திரம் தாராளமாக எழுதும். நீரிழிவு தீரும், இரத்தக் கொதிப்பு அடங்கும், சிறுநீரகம் சுத்தமாகும் என்று மளமளவென்று கோத்துவிடும். 1956-ஆம் ஆண்டிலிருந்து மருந்து விளம்பரம், விற்பனைச் சட்டம் ஒன்று இந்நாட்டில் அமலில் இருக்கிறது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புற்றுநோய், சிறுநீரக நோய் முதலிய பல வியாதிகளைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாதென்று அது பட்டியல் போட்டே தடுக்கிறது. ஏ.ஐ. என்ற பேச்சே மலாயாவில் இல்லாத காலத்துச் சட்டம்! இன்று யந்திரம் எழுதும் விளம்பரத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

படம் வரையும் யந்திரத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரியாணிப் படம் ஒன்று போடு என்றால் ஆட்டுத் தொடை மலைபோல் எழும்பி நிற்கும். தட்டில் வருவதோ கழுத்தெலும்பு. அழகுக்காகப் போட்டோம் என்று சொல்லலாம். சாப்பிட வந்தவர் அப்படி எண்ணமாட்டார்.

வாடிக்கையாளர் விவரம்: பல் முளைத்த சட்டம்

இனி, பணம் கட்டுப்படும் பகுதிக்கு வருவோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 முதல் அமலுக்கு வந்தது. தரவு என்பது விவரம். ஒருவரை இன்னார் என்று காட்டும் பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை எண், முகவரி, படம் எல்லாம் அதில் சேரும். வியாபாரத்தின் பொருட்டு அவ்விவரத்தை வாங்கி வைத்திருக்கும் எவரையும் இச்சட்டம் கட்டுப்படுத்தும். மத்திய, மாநில சர்க்கார்களுக்கு மட்டும் பொருந்தாது. இது என்ன நியாயம் என்று கேட்பவர்கள் உண்டு, கேட்பதிலும் நியாயம் உண்டு.

பல ஆண்டுகள் இச்சட்டத்தை அநேகர் பொருட்படுத்தவில்லை. 2024-இல் நாடாளுமன்றம் அதைத் திருத்திற்று. திருத்தங்கள் 2025-ஆம் ஆண்டில் ஜனவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று தவணையில் நடைமுறைக்கு வந்தன. சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளை மீறினால் முன்பு 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் வெள்ளி வரை, 3 ஆண்டு வரை. சிறு கடைக்கு இவ்வளவு விதிப்பார்களா என்பது வேறு கேள்வி. அதில் பாதியின் பாதியே நம்மில் பலருடைய கைமுதலைக் கரைத்துவிடும் என்பதில் சந்தேகமில்லை.

ஏ.ஐ.யோடு இது எங்கே சேருகிறது? முதலாவதாக, முகம் காட்டும் பெட்டியில். திருத்தத்தின்படி முகம், கைரேகை போன்ற உடல் அடையாளங்கள் ‘நுண்ணிய விவரம்’ என்ற தனி வகுப்பில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உடல்நிலை, மதம் முதலியவை ஏற்கெனவே அவ்வகுப்பில் உள்ளவை. இத்தகைய விவரத்தை வாங்க, சில விதிவிலக்குகள் தவிர, சம்பந்தப்பட்டவரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் சில நூறு வெள்ளிக்கு அந்தப் பெட்டியை வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கும் கடைகளில், சிப்பந்தியிடம் கையெழுத்து வாங்கியவர்கள் எத்தனை பேர்? அந்த முகப்பதிவு பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா, வேறு நாட்டிலுள்ள கணினிக்குப் போகிறதா என்று விற்றவரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? வேலையை விட்டு ஊருக்குப் போன பையனுடைய முகம் இன்னும் பெட்டிக்குள் இருக்கிறதே, அது எதற்கு?

இது அபராதத்துக்குப் பயந்து மட்டும் செய்ய வேண்டிய காரியமல்ல. பரிமாற வந்திருக்கும் பிள்ளை நமக்கு எதிரே நின்று ‘வேண்டாம், முதலாளி’ என்று சொல்லும் நிலையில் இல்லை. கடப்பிதழும் அனுமதிச் சீட்டும் முதலாளி கையைப் பார்த்திருக்கிறவன், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவான். அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டுமென்பது சட்டம். ராமநாதபுரத்துப் பிள்ளைக்குத் தமிழிலும், வங்காளதேசத்துப் பிள்ளைக்கு வங்காளத்திலும் வாயால் எடுத்துச் சொல்வது சட்டத்தில் எழுதப்படாத முறை. அதுவே சரியான முறை என்பது என் அபிப்பிராயம். முகம் காட்ட மனமில்லாதவனுக்குப் பழைய வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும் வழியைத் திறந்து வைப்பதால் கடைக்கு நஷ்டமொன்றுமில்லை.

இரண்டாவது, வாடிக்கையாளர் பட்டியல். பெருநாள் வாழ்த்தும் தள்ளுபடிச் செய்தியும் அனுப்ப நம்மிடம் ஆயிரக்கணக்கான எண்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலை அப்படியே ஏ.ஐ.யிடம் கொடுத்து, ‘இதில் யார் அதிகம் வாங்குகிறார்கள், பிரித்துத் தா’ என்று கேட்பது வெகு சுலபம். ஆனால் அந்தக் கணத்தில் பட்டியல் கடையைவிட்டு, பெரும்பாலும் நாட்டையே விட்டு வெளியே போகிறது. பிற நாட்டுக்கு விவரம் அனுப்புவதென்றால், அங்கே நம் சட்டத்துக்கு ஒப்பான சட்டமோ அதற்குச் சமமான பாதுகாப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய கடமை அனுப்புகிறவருடையது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பெயரையும் எண்ணையும் எடுத்துவிட்டு, ‘வாடிக்கையாளர் 1, வாடிக்கையாளர் 2’ என்று மாற்றிக் கொடுங்கள். யந்திரத்துக்கு வேண்டியது கணக்குத்தானே ஒழிய, ஆளின் பெயரல்ல. மறுமொழி வந்தபின் பெயரை நம் ஏட்டிலே பொருத்திக்கொள்ளலாம்.

நாணய மாற்று வியாபாரிகள் இன்னும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். அவர்களிடம் வருவது கடப்பிதழும் அடையாள அட்டையும். பணமோசடித் தடுப்புச் சட்டப்படி அந்தப் பதிவேடுகளைக் குறைந்தது 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆகையால் அழித்துவிட்டேன் என்றும் தப்ப முடியாது. வைத்திருக்கவும் வேண்டும், கசியவும் கூடாது. கடப்பிதழைப் போனில் படம் பிடித்து, எழுத்தைப் படித்துத் தரும்படி இலவச ஏ.ஐ. ஒன்றிடம் கொடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். இலவசமாகக் கொடுப்பவர் அந்தப் படத்தை என்ன செய்கிறார் என்பது நமக்குத் தெரியாது. அந்த வேலைக்கு அது வேண்டாம்.

மூன்றாவது, கேமரா. இதற்கு அமெரிக்காவில் நடந்ததொன்றைச் சொல்கிறேன். ரைட் எய்ட் என்ற மருந்துக் கடைக் கம்பெனி, திருடர்களைப் பிடிப்பதற்காகச் சில நூறு கடைகளில் முகம் காணும் கேமராக்களை வைத்திருந்தது. யந்திரம் பல தடவைகளில் ஆளை மாற்றிக் காட்டிற்று. ஒரு பாவமும் அறியாத வாடிக்கையாளர்களைச் சிப்பந்திகள் பின்தொடர்ந்தார்கள், சோதனையிட்டார்கள், வெளியே போகச் சொன்னார்கள். கறுப்பரும் ஆசியரும் அதிகமாக வாழும் பகுதிகளின் கடைகளில் இந்தப் பிசகு அதிகம் நேர்ந்ததென்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டிற்று. 2023 டிசம்பரில், முகம் காணும் யந்திரத்தைப் பாதுகாப்பு வேலைக்கு 5 ஆண்டுகள் உபயோகிக்கக் கூடாதென்று அக்கம்பெனிக்குத் தடை வந்தது. நம்முடைய நிறத்துக்காரர்கள் இதை இரு பக்கமும் நின்று பார்க்க வேண்டும். கடைக்காரராக நின்று யந்திரம் காட்டிய ஆளைச் சந்தேகிப்பவரும் நாமே. வேறொரு கடையில் யந்திரத்தால் சந்தேகிக்கப்படுபவரும் நாமாகவே இருக்கலாம். சாதாரணக் கேமராவை வைத்து, கேமரா இருப்பதாக வாசலில் எழுதிப் போட்டிருக்கிறவர்களுக்குக் கவலையில்லை. ஆளை அடையாளம் காணும் வசதியை விற்கிறவர் ‘இதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்றால், எதற்கென்று யோசியுங்கள்.

யந்திரம் சொல்வதை வைத்து ஒரு மனிதருக்குப் பாதகமாக முடிவெடுக்கும் எந்த இடத்திலும் இந்த யோசனை வேண்டும். நம் நாட்டிலேயே 2020 பிப்ரவரியில் கோத்தா கினபாலு நீதிமன்றத்தில், தண்டனை எவ்வளவு என்று யோசனை சொல்லும் யந்திரம் சோதனையாகப் பயன்படுத்தப்பட்டது. அங்கேயும் அது சொன்னது யோசனையே. தீர்ப்புச் சொன்னவர் நீதிபதி. நீதிமன்றத்துக்கே அப்படியென்றால், ஒரு பையனை வேலைக்கு எடுப்பதோ, ஒருவருக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுக்க மறுப்பதோ யந்திரத்தின் தீர்மானத்தால் மட்டும் நடக்கலாமா?

ஐரோப்பாவைப் பற்றி

கோடிக்கணக்கில் அபராதம் என்று பேசப்படுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ.ஐ. சட்டத்தை. அது 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்து, பகுதி பகுதியாக அமலாகும்படி எழுதப்பட்டது. அதன் அடிப்படை எளிது: யந்திரத்தால் மனிதருக்கு எவ்வளவு தீங்கு வரக்கூடும் என்பதைப் பார்த்துச் சட்டத்தின் பாரம் ஏறும். சிலவற்றை அறவே தடுத்துவிட்டது. ஆள் எடுப்பது, கடன் தகுதி பார்ப்பது போன்றவற்றுக்குக் கடுமையான நிபந்தனை. வாடிக்கையாளரிடம் பேசும் யந்திரமாயின், பேசுவது மனிதரல்ல என்று தெரிவிக்க வேண்டும். மற்றவற்றுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோர் செய்யும் கணக்கு, சரக்கு, விளம்பர வேலைகளுக்கு, அச்சட்டத்தின் பாரம் அநேகமாக இல்லை. இச்சட்டம் சிக்கலாயிருக்கிறதென்று வியாபாரிகள் முறையிட்டதன் பேரில், 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே அதை எளிதாக்கவும், சில பகுதிகளைத் தள்ளிப்போடவும் யோசனை முன்வைத்தது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து மிளகும் துணியும் அனுப்புகிறவரை இச்சட்டம் தேடி வராது, ஏ.ஐ. யந்திரத்தையோ அதன் முடிவையோ ஐரோப்பாவுக்கு விற்கிறவரைத்தான் தேடும். அதில் நமக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று: ‘இப்போது பதில் தருவது தானியங்கி, மனிதரிடம் பேச இந்த எண்ணை அழையுங்கள்’ என்ற ஒரு வரி. சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வாட்ஸ்அப்பில் அதைப் போட்டுவைப்பது நல்லது.

விற்க வருகிறவரைக் கேட்க வேண்டியவை

இத்தகைய யந்திரங்களை விற்க இளைஞர்கள் கடை கடையாக வருகிறார்கள். நன்றாகப் பேசுகிறார்கள். ‘எல்லாம் சட்டப்படி இருக்கிறது, ஐயா’ என்று சொல்கிறார்கள். அதை எழுத்தில் கேளுங்கள். விவரம் எந்த நாட்டில் தங்குகிறது, எங்கள் விவரத்தை வைத்து உங்கள் யந்திரத்தைப் பழக்குகிறீர்களா, நாங்கள் விலகினால் அழித்துக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். 2025 ஏப்ரல் முதல், பிறருக்காக விவரத்தைக் கையாளும் அவர்களுக்கும் பாதுகாப்புக் கடமை நேரடியாகவே உண்டு. அதனால் நம் பொறுப்பு குறைந்துவிடவில்லை. எழுத்தில் தர மறுப்பவரிடம், விலை எவ்வளவு மலிவாயிருந்தாலும், வாங்காதிருப்பதே மேல்.

பல கிளைகள் உள்ளவர்களுக்கு இன்னொன்று. 2025 ஜூன் 1 முதல், 20,000 பேருக்கு மேல் விவரம் வைத்திருப்பவர்களும், பண விவரம் உள்ளிட்ட நுண்ணிய விவரத்தை 10,000 பேருக்கு மேல் வைத்திருப்பவர்களும் தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரை நியமிக்க வேண்டும். தனிக்கடைக்கு இந்த எண்ணிக்கை எட்டாது. உறுப்பினர் அட்டை கொடுத்து வியாபாரம் செய்யும் உணவுக் கடைகளும் துணிக்கடைகளும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்வது நலம்.

மற்றவர்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கடையில் உள்ள தானியங்கிகள் எவை, யாரிடம் வாங்கியது, அவற்றுக்குள் யாருடைய விவரம் போகிறது, பிசகினால் யார் பார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதி, லைசென்ஸ் தாள்களோடு சேர்த்து வையுங்கள். மாதமொருமுறை வாட்ஸ்அப் யந்திரத்திடம் வாடிக்கையாளர்போல் நீங்களே பத்துக் கேள்வி கேட்டுப் பாருங்கள். சான்றிதழ், விலை, திருப்பித் தருதல் இவற்றைத் தவறாமல் கேளுங்கள். வந்த பதிலை அதே நோட்டில் தேதி போட்டுக் குறித்துவிடுங்கள்.

கடைசியாக, விவரம் கசிந்தால் என்ன செய்வது? கடைப் போன் தொலைந்துபோகிறது, அல்லது கணினிக்குள் எவரோ புகுந்து பட்டியலை எடுத்துவிடுகிறார்கள். 2025 ஜூன் 1 முதல், கணிசமான தீங்கு விளையக்கூடிய கசிவானாலும், 1,000 பேருக்கு மேற்பட்டவரின் விவரமானாலும், 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். கணிசமான தீங்கு நேரக்கூடுமானால், அதற்குப்பின் 7 நாட்களுக்குள் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால் அதற்கே 2,50,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை விஷயம் தெரிந்தால் திங்கட்கிழமை மாலையோடு கெடு முடிந்துவிடும். கடையில் கூட்டம் அதிகமான நாட்களும் அவையே. ஆகையால் ஆணையரின் அலுவலகத்துக்கு யார் எழுதுவது, மூத்த மகனா, கணக்கரா என்பதை இப்போதே தீர்மானித்து, அவருடைய பெயரை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.